பாக்கெட்டை விட்டுப் பச்சைக்கு வந்த கதை: சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் கேட்ட கேள்விகள்

மூன்று வருஷத்துக்கு முன்பு புரட்டாசி முடிந்த மறுநாள், தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கோழிக்கறி மணந்தது. நானும் கறி சாப்பிட்டேன். ஆனால் பொலோனி, வியன்னா (இரண்டும் கடையில் வரும் சாசேஜ் வகை), டூ மினிட் நூடுல்ஸ், கூல்ட்ரிங்க் இவற்றுக்கு மட்டும் திரும்பிப் போகவில்லை. அப்படியே மெதுவாகக் காலையும் மதியமும் சமைக்காத சாப்பாடு என்று பழகிவிட்டது. அன்றிலிருந்து சனிக்கிழமை தமிழ் வகுப்பு வாசலிலும் கோயில் சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கும் இடத்திலும் ஒரே கேள்விகள், ஆளுக்கு ஆள். வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தக் கேள்வியை முதலில் படியுங்கள்.

சமைக்காத சாப்பாடுன்னா என்ன அக்கா, வெறும் சாலட்தானா?

சாலட் அதில் ஒரு மூலை. பழம், காய், கீரை, கொட்டைகள், விதைகள், ஊறவைத்த அல்லது முளைகட்டிய பயறு, தேங்காய் எல்லாம் சேரும். இதைத் தீவிரமாகக் கடைப்பிடிப்பவர்கள் 40 முதல் 48 டிகிரிக்கு மேல் சூடு படாதது என்று கணக்கு வைப்பார்கள், ஆளுக்கொரு எண். எனக்கு அந்தத் தெர்மாமீட்டர் விவகாரத்தில் ஆர்வம் இல்லை.

சுவிட்சர்லாந்தில் பிர்ஷர்-பென்னர் என்று ஒரு டாக்டர், 1900 வாக்கில் நோயாளிகளுக்குத் துருவிய ஆப்பிளில் கொஞ்சம் ஊறிய ஓட்ஸும் கொட்டையும் கலந்து கொடுத்தார். அதுதான் ம்யூஸ்லி. அவர் கொடுத்ததில் ஆப்பிள்தான் பெரும்பங்கு, ஓட்ஸ் ஒரு கரண்டி. இன்றைக்குப் பெட்டியில் ம்யூஸ்லி என்று வருவதில் பெரும்பாலும் ஓட்ஸும் சர்க்கரையும்தான், ஆப்பிளைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

ப்ராசஸ்டு ஃபுட்னு எதைச் சொல்றீங்க? நம்ம பருப்பும் பாக்கெட்டில்தானே வருது?

நியாயமான கேள்வி. பாக்கெட் குற்றவாளி இல்லை, உள்ளே இருப்பதுதான். பிரேசிலில் கார்லோஸ் மொன்டெய்ரோ என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் உணவை நான்கு வகையாகப் பிரித்தார்கள், நோவா என்று பெயர். இயற்கையாக உள்ளதும் லேசாகப் பதப்படுத்தியதும் முதல் வகை (பருப்பு, அரிசி, உறைந்த பட்டாணி). எண்ணெய், உப்பு, சர்க்கரை இரண்டாவது. டின் மீன், சீஸ் மாதிரி உப்போ எண்ணெயோ சேர்த்து வைத்தது மூன்றாவது. வீட்டுச் சமையலறையில் இல்லவே இல்லாத மாவு, நிறமி, சுவையூட்டிகளை எல்லாம் கலந்து தொழிற்சாலையில் உருவாக்குவது நான்காவது. நான் விட்டது இந்த நான்காவதை.

எனக்கு ஒரு சோம்பேறிக் கணக்கு உண்டு. பின்னால் உள்ள பட்டியலைப் படிக்கும்போது, அதில் உள்ள பொருளை எங்கள் ஆயா கடையில் போய்க் கேட்டு வாங்கியிருப்பாளா? இல்லையென்றால் அது திரும்பவும் அலமாரிக்கே.

எதுக்கு விடணும்? எங்க தாத்தா பொலோனி தின்னே எண்பது வயசு வரைக்கும் இருந்தார்!

தாத்தா கரும்புத் தோட்டத்திலோ ஆலையிலோ நின்று உழைத்தவராக இருப்பார், நாம் காரில் போய் காரில் வருகிறோம். அதை விடுங்கள். 2019இல் அமெரிக்காவில் 20 பேரை ஓர் ஆராய்ச்சிக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலை உணவு, இரண்டு வாரம் சாதாரண உணவு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டிலும் வேண்டிய அளவு சாப்பிடலாம். தொழிற்சாலை உணவு சாப்பிட்ட நாட்களில் அவர்களை அறியாமலே தினமும் 500 கலோரி போல அதிகம் உள்ளே போனது, இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடையும் ஏறியது. பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

நம் ஊர்க் கதையும் மறக்கக்கூடாது. 2017–18இல் இந்த நாட்டில் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்து 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலகத்திலேயே பதிவான மிகப் பெரிய லிஸ்டீரியா பரவல் அது. 2018 மார்ச்சில் காரணம் என்று கைகாட்டப்பட்டது பொலோனி. சூடாக்கினால் செத்துப்போகும் கிருமி, ஆனால் பொலோனியை நாம் யார் சூடாக்கினோம்? நறுக்கி, பிரெட்டில் வைத்து, பிள்ளைகள் பையில் போட்டு அனுப்பினோம்.

அப்போ சமைக்கிறதே தப்பா? சூடு பட்டா சத்தும் என்சைமும் செத்துடும்னு சொல்றாங்களே?

பாதி சரி. வைட்டமின் சி சூட்டிலும் கொதிக்கும் தண்ணீரிலும் நிறையப் போகும், ஃபோலேட் என்ற பி வைட்டமினும் போகும். ஆனால் தக்காளியைச் சமைத்தால்தான் அதிலுள்ள லைகோபீன் என்ற சத்து உடம்புக்கு நன்றாகக் கிடைக்கிறது, கேரட்டின் சத்தும் கொஞ்சம் வதக்கி எண்ணெயோடு சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். பெரும்பாலான பருப்பும் கிழங்கும் வேகாவிட்டால் சரியாகச் செரிக்காது.

என்சைம் கதையை நான் நம்பவில்லை. காயில் உள்ள என்சைம் காய்க்காகத்தான், அதுவும் நம் வயிற்று அமிலத்தில் பெரும்பாலும் சிதைந்துவிடும், நமக்கு வேண்டியதை நம் கணையமே சுரக்கிறது. பச்சையாகச் சாப்பிட நல்ல காரணங்கள் வேறு இருக்கின்றன: நார்ச்சத்து, வயிறு நிறைவது, உப்பும் எண்ணெயும் தானாகக் குறைவது.

எப்படி ஆரம்பிக்கிறது? திங்கட்கிழமையிலிருந்து முழுசா மாறிடட்டுமா?

வேண்டாம். திங்கட்கிழமை மாறினவர்கள் வியாழக்கிழமை கேஎஃப்சி வரிசையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன் (ஒருமுறை அந்த வரிசையில் நானே நின்றேன்). முதலில் கழிப்பது, பிறகு சேர்ப்பது. முதல் இரண்டு வாரம் ஒன்றும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், நான்காவது வகையை மட்டும் வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். மூன்றாவது வாரம் காலைச் சாப்பாட்டைப் பழமும் கொட்டையும் ஆக்குங்கள். அது பழகின பிறகு மதியத் தட்டில் பாதியைப் பச்சைக் காயாக்குங்கள். இரவுச் சாப்பாட்டைத் தொடாதீர்கள், வீட்டில் சண்டை வருவதே அங்கேதான்.

புரட்டாசியில் ஆரம்பிப்பது நமக்கு ஒரு வசதி. எப்படியும் ஒரு மாதம் இறைச்சி இல்லை, பாத்திரத்தைக்கூடத் தேய்த்து மாற்றிவிடுகிறோம், வீட்டில் எல்லோரும் ஒரே மனநிலையில் இருப்பார்கள். இங்கே அது வசந்த காலம் வேறு, உடம்பு சூடான குழம்பையே கேட்டுக்கொண்டிருக்காது. ஒரு எச்சரிக்கை: புரட்டாசி என்ற பெயரில் சோயா சாசேஜும் சோயா நகெட்ஸும் வாங்கிக் குவித்தால் நான்காவது வகையிலேயேதான் நிற்கிறீர்கள்.

மூணாம் நாள் மண்டை வெடிக்குது, வயிறு பலூன் மாதிரி ஆகுது. நச்சு வெளியே போகுதா?

நச்சு எதுவும் தலை வழியாக வெளியே போவதில்லை, அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் செய்கின்றன. தலைவலி பெரும்பாலும் காப்பியும் கோலாவும் நின்றதால் வருவது. காஃபினை நிறுத்தினால் ஒரு நாளுக்குள் வலி தொடங்கி ஒரு வாரம் வரைகூட இருக்கும். நான் காலை டீயை விடவே இல்லை, மாலை டீக்கு மட்டும் ரூயிபோஸ் என்ற இந்த ஊர் மூலிகை டீ, அதில் காஃபின் கிடையாது.

வயிறு உப்புவது நார்ச்சத்து திடீரென்று ஏறியதால். முட்டைக்கோஸ், வெங்காயம், பயறு மூன்றையும் ஒரே தட்டில் போட்டால் அப்படித்தான். அளவைக் குறைத்து, தண்ணீர் குடித்து, நன்றாக மென்று பாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வயிறு பழகிவிடும். ரத்தம் போவது, காய்ச்சல், விடாத வயிற்றுப்போக்கு, இதெல்லாம் பழக்கக் கோளாறு இல்லை, கிளினிக்குக்குப் போங்கள்.

நிஜமா ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுறீங்க? மறைக்காம சொல்லுங்க.

காலை பப்பாளி அல்லது வாழைப்பழம், கூட ஒரு கைப்பிடி ஊறவைத்த நிலக்கடலை. குளிர்காலத்தில் நார்ச்சி, அதாவது கமலா ஆரஞ்சு. இந்த நார்ச்சி என்ற ஆஃப்ரிகான்ஸ் சொல்லே நம்முடைய நாரத்தையிலிருந்து போனது தெரியுமா? வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கோடையில் மாம்பழமும் லிச்சியும், டிசம்பரில் காலைச் சாப்பாடு சொர்க்கம்.

மதியம்தான் பெரிய தட்டு. பன்னி சோவுக்குப் (குடைந்த பிரெட்டுக்குள் கறி ஊற்றித் தருவது) பக்கத்தில் ஒரு ஸ்பூன் வைப்பார்களே கேரட் சம்பல், அதை நான் ஒரு பேசின் செய்கிறேன்: துருவிய கேரட், வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, வினிகருக்குப் பதில் எலுமிச்சை. கூட ஊறவைத்த பாசிப்பருப்பு, வெள்ளரிக்காய், துருவிய தேங்காய். கடுகு தாளிப்பேன், அதற்குச் சூடு வேண்டும்தான், பச்சை உணவுக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும். கோசுமல்லி என்று தமிழ்நாட்டில் சொல்வது ஏறத்தாழ இதுதான். அவோ (அவகாடோ) கிடைக்கும் மாதங்களில் ஒரு பாதி அவோவில் உப்பும் மிளகும். சில நாள் பீட்ரூட்டும் பச்சை மாங்காயும் துருவிப் போடுவேன், கை எல்லாம் சிவந்துவிடும்.

இரவு சோறு, பருப்பு, கீரைக்கறி. நாம் ஹெர்ப்ஸ் என்று சொல்லும் அந்தச் செங்கீரை, பச்சைக்கீரை எல்லாம் சமைத்தே சாப்பிடுவேன், பச்சையாக மென்றால் நாக்கில் மண் மாதிரி இருக்கும், ஆக்ஸலேட்டும் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மீன்கறி. இப்போது தெரிகிறதா, நான் முழுப் பச்சைக்காரி இல்லை.

கடையில் நூறு சதவீதப் பழச்சாறு பெட்டி இருக்கே, அது பச்சை உணவுதானே?

இல்லை. கெட்டுப்போகாமல் இருக்கச் சூடாக்கியது, நாரும் போய்விட்டது. 2018 ஏப்ரலில் வந்த சர்க்கரை வரி அதற்கு இல்லை என்பதால் நல்லது என்று நினைத்துவிடுகிறோம். பழத்தைக் கடியுங்கள்.

எதை எல்லாம் பச்சையா தொடவே கூடாது?

முதலிடம் பீன்ஸுக்கு. சுகர் பீன்ஸ், கத்ரா பீன்ஸ், சிவப்புக் கிட்னி பீன்ஸ் எல்லாம் ஒரே குடும்பம், அதிலும் சிவப்பு மோசம்: நான்கைந்து வேகாத கொட்டை போதும், சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் வரும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். ஸ்லோ குக்கரில் நேராகப் போட்டால் அந்தச் சூடு போதாது. முளைகட்டினாலும் இந்த விஷம் முழுதாகப் போகாது, அதனால் முளைகட்டிய சுகர் பீன்ஸ் சாலட் என்று யாராவது வீடியோ போட்டால் தள்ளிவிடுங்கள்.

மதும்பி, அதாவது சேப்பங்கிழங்கு, பச்சையாகக் கடித்தால் வாயும் தொண்டையும் அரித்து வீங்கும். மரவள்ளிக்கிழங்கில் சயனைடு உண்டாகும். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கு வேண்டாம். காய்ச்சாத பால், வேகாத முட்டை, இறைச்சி, மீன் எதையும் நான் பச்சை உணவாகவே கணக்கில் எடுப்பதில்லை.

முளைகட்டினா ரெண்டாம் நாளே நாத்தம் அடிக்குது. என்ன தப்பு பண்றேன்?

டர்பன் ஈரக்காற்றுதான் தப்பு. பாசிப்பயறை இரவு ஊறவைத்து, காலையில் நன்றாக அலசி, தண்ணீர் ஒரு சொட்டும் தேங்காமல் வடித்து, துணி கட்டிய ஜாடியில் சாய்த்து வையுங்கள். காலை, மாலை இரண்டு முறை அலச வேண்டும், கோடையில் மூன்று முறை. வால் ஒரு சென்டிமீட்டர் வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். வழவழப்போ நாற்றமோ இருந்தால் கொட்டிவிடுங்கள், பணம் போனாலும் பரவாயில்லை.

இது வெறும் நாற்றப் பிரச்சினை இல்லை. விதையிலேயே கிருமி ஒளிந்திருந்தால் முளைக்கும் ஈரமும் கதகதப்பும் அதற்கும் தோதுதான். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையால் ஈ கோலி என்ற கிருமி பரவி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயசானவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் முளைப்பயறை வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

காயை வினிகர் தண்ணியில் போட்டா போதுமா? தண்ணி வராத நாளில் என்ன பண்றது?

ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதுதான் பெரிய வேலை, வினிகர் அதற்குப் பிறகுதான். லெட்டூஸ், கொத்தமல்லி எல்லாம் இலை இலையாக. இந்த நாட்டில் பன்றி நாடாப்புழு உள்ள பகுதிகள் இருக்கின்றன, அதன் முட்டை கழுவாத காய்கறி வழியாகவும் வயிற்றுக்குள் போய் மூளையில் கட்டியாக உட்காரும், வலிப்பு வரும். தோட்டத்தில் அப்போதுதான் பறித்தது, சுத்தம் என்று சொல்லிக் கழுவாமல் தின்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தண்ணீர் வராத நாளில், டேங்கர் தண்ணீர் பிடித்த நாளில், அன்றைக்குச் சமைத்துச் சாப்பிடுங்கள். அல்லது வாழைப்பழம், ஆரஞ்சு மாதிரித் தோல் உரிப்பது. கரண்ட் போனாலும் அதே கதை, நறுக்கிய காய் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நான் சாப்பிடுவதில்லை.

சுகருக்கு மாத்திரை சாப்பிடுறேன். இதுக்கு மாறினா மாத்திரையை நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். நம் வீடுகளில் சுகர் இல்லாத வீடு எது, எங்கள் வீட்டுக்காரருக்கும் உண்டு. ரொட்டியும் கூல்ட்ரிங்கும் திடீரென்று நின்று, அதே இன்சுலினோ கிளிக்லசைட் மாதிரி மாத்திரையோ அதே அளவில் உள்ளே போனால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அவருக்கு ஒரு மாலை அப்படித்தான் கை நடுங்கி வியர்த்துக்கொட்டியது, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தோம். தப்பு எங்களுடையது, மாற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். பிறகு அவர் பார்த்து அளவைக் குறைத்தார்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டினாலும் குறைத்தாலும் மருந்தின் வேலை மாறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அவோ, வாழைப்பழம், கீரை எல்லாவற்றிலும் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். இருவரும் கிளினிக்கில் கேட்காமல் என் மதியத் தட்டைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

ரொட்டியையும் மீலி மாவையும் (மக்காச்சோள மாவு) விட்டா நல்லதுதானே, வெறும் மாவுதானே அது?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டியது. 2003 அக்டோபரிலிருந்து இங்கே பிரெட் மாவிலும் மீலி மாவிலும் ஃபோலிக் அமிலம், இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ, பி எல்லாம் சேர்க்கவேண்டும் என்பது சட்டம். நம்மை அறியாமல் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். அது நின்றால் வேறு வழியில் வர வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் ஃபோலிக் அமில மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே ஆரம்பிப்பது நல்லது.

இறைச்சி, பால், முட்டை எல்லாவற்றையும் விடுகிறவர்களுக்கு பி12 தனிப் பிரச்சினை. செடிகொடியில் நம்பும்படியான பி12 கிடையாது, மாத்திரையோ ஊசியோதான். சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதுவும் பி12ஐக் குறைக்கும்.

கர்ப்பமா இருக்கேன், மூணு வயசு பையனும் இருக்கான். நாங்க செய்யலாமா?

பாக்கெட்டை விடுவது தாராளமாகச் செய்யலாம். முழுப் பச்சைக்குப் போகாதீர்கள், வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும், வளர வேண்டிய அளவு சக்தி போகாது. கர்ப்பிணிக்கு லிஸ்டீரியா தாயைவிடக் குழந்தையைத்தான் தாக்கும், அதனால் பொலோனி வேண்டவே வேண்டாம், முளைப்பயறு பற்றி மேலே சொன்னது அப்படியே பொருந்தும். பையனுக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள், ஐந்து வயது வரை அரைத்துக் கொடுங்கள், தொண்டையில் சிக்கும்.

இவ்வளவு நல்லதுன்னா நீங்க ஏன் நூறு சதவீதம் போகலை?

வேண்டும் என்று தோன்றவில்லை, தவிர ஜெர்மனியில் பல வருஷம் பச்சையாகவே சாப்பிட்டவர்களைப் பார்த்த ஆய்வு ஒன்று 1999இல் வந்தது. 45 வயதுக்குக் கீழ் இருந்த பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு தடுமாறியோ நின்றோ போயிருந்தது, எடை அவ்வளவு இறங்கியதால்.

காந்தியைக்கூடச் சொல்லலாம். அவருடைய ஃபீனிக்ஸ் ஆசிரமம் இங்கேயிருந்து அரைமணிக் கார் தூரம். 1910இல் ஆரம்பித்த டால்ஸ்டாய் பண்ணையில் பச்சைக் கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்று சாப்பிட்டவர் அவர். 1929இல் இந்தியாவில் வேகாத தானியம் வரைக்கும் போய்ப் பார்த்து, வயிற்றுக்கடுப்பு வந்து விட்டுவிட்டார், அதை மறைக்காமல் எழுதவும் செய்தார். அவருக்கே வயிறு ஒத்துழைக்கவில்லை, எனக்கு என்ன அவசரம்.

செலவு எகிறாதா?

பாதாமும் சியா விதையும் வாங்கினால் எகிறும். முட்டைக்கோஸ், கேரட், நிலக்கடலை, அந்தந்தக் காலத்துப் பழம் என்றால் எகிறாது. வார்விக் சந்தையில் காலையிலேயே போங்கள், மூட்டையாக வாங்கி இரண்டு வீடு பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் பின்னால் இரண்டடி மண் இருந்தால் கொத்தமல்லியும் புதினாவும் போடுங்கள். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலி முடிந்து வெளியே வந்த நம் முன்னோர்கள் இதே டர்பனில் காய்கறி போட்டு விற்றுத்தானே பிழைத்தார்கள்.

கோயில் சாப்பாடு, கல்யாணப் பிரியாணி, பன்னி சோ, எல்லாம் போச்சா?

எதுவும் போகவில்லை. மாரியம்மன் கூழைக் குடியுங்கள், புளித்த மாவு, நல்ல சாப்பாடு. வடையைச் சாப்பிடுங்கள், உளுந்தை யாரோ நம் கண்முன்தான் அரைத்தார்கள். வாழை இலையில் போடுவதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு பையிலிருந்து கேரட்டை எடுப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை, பரிமாறுகிற பெரியம்மா மனசு என்ன ஆகும்?

பன்னி சோ மாதம் ஒருமுறை உண்டு, பீன்ஸ் பன்னி, கால் பிரெட். கடைக்காரத் தம்பிக்கு என்னைத் தெரியும். கேட்காமலே சம்பலை மூன்று மடங்கு வைத்துவிடுவான்.